அணை நீர்மட்டம் பார்த்த பிறகு அறை போடுங்கள்: காட்டு விடுதி தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் நாளிதழ் வாங்கும் வீடுகளில் தினமும் கண்ணில் படும் சிறிய கட்டம் ஒன்று உண்டு. பெரியாறு அணை இத்தனை அடி, வைகை அணை இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. வயல் வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தேக்கடிக்கு யானை பார்க்கப் போகிற குடும்பமும் அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் அறை போட வேண்டும் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன் அரையாண்டு விடுமுறையில் அம்மா, மனைவி, மகளோடு தேக்கடி போனேன். குமுளியில் ஒரு விடுதி. பலகணியில் நின்றால் காடு தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள், காடு தெரிந்தது. காலைப் படகில் ஏறினோம். ஏரி ததும்பிக் கொண்டிருந்தது. கரையென்று ஒன்று இல்லை. மரங்களின் அடி வரைக்கும் தண்ணீர். ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் பார்த்தது பட்ட மரங்களில் சிறகு விரித்து உலர்த்திக் கொண்டிருந்த நீர்க்காகங்களையும் தொலைவில் நான்கு காட்டுப்பன்றிகளையும்தான். யானை எங்கே என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கும்போது வனத்துறை ஊழியர் ஒருவர் அவளிடம் பொறுமையாகச் சொன்னார்: “உள்ளே எல்லா ஓடையிலும் தண்ணீர் ஓடுகிறது, பாப்பா. யானை எதற்கு இவ்வளவு தூரம் இறங்கி வர வேண்டும்? சித்திரை, வைகாசியில் வா.”

அவர் சொன்னபடி அடுத்த மே மாதம் போனோம். நாளிதழில் பெரியாறு 115 அடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதே ஏரிதான், ஆனால் தண்ணீர் உள்வாங்கியதால் இரண்டு பக்கமும் அகலமான புல்வெளி வெளிப்பட்டிருந்தது. அதில் இரண்டு குட்டிகளோடு ஒரு யானைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு வளைவில் மிளாக்கள், அதற்கப்பால் காட்டுமாடுகள். அம்மா கைகூப்பிவிட்டார்.

மதுரையின் வானத்தைப் பார்த்துத் தேதி குறிப்பது

தேக்கடி ஏரி என்று நாம் சொல்வது முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் காலத்தில், 1895-இல், தண்ணீர் திறக்கப்பட்ட அதே அணை. நம் வைகைக்கு வந்து சேரும் அதே தண்ணீர். அணையில் 142 அடி வரை நீர் தேக்க 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நீர்மட்டம் 130-ஐத் தாண்டி ஏற ஏற, விலங்குகள் மேயும் கரைப்புல் தண்ணீருக்குள் போய்விடும். 120-க்குக் கீழே இறங்கும்போது அந்தப் புல் மறுபடி வெளியே வரும். காட்டுக்குள் ஓடைகளும் வறண்டிருக்கும் என்பதால் யானையும் மானும் ஏரியை நம்பித்தான் இருக்க வேண்டும். ஆகவே படகிலிருந்து விலங்கு பார்க்க வேண்டுமென்றால் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை போவதுதான் நல்லது.

இங்கேதான் மதுரைக்காரர்களாகிய நமக்குக் கணக்கு தவறுகிறது. நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். ஆனி, ஆடியில் மதுரையில் வெயிலும் புழுதிக் காற்றுமாக இருக்கும். கம்பம் வரை போனால் கொஞ்சம் சாரல் முகத்தில் படும். ‘நல்ல சீசன்’ என்று நினைத்து மலையேறினால், குமுளி தாண்டியதும் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவு ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைகிறது. நாம் இருக்கும் கிழக்குப் பக்கம் மழை மறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு ஆதாரம். மேகமலை போன்ற இடங்கள் இரண்டு மழையையும் வாங்கிக்கொள்கின்றன. போகிற காடு எந்த மழைக்கு உரியது என்று தெரியாமல் தேதி குறிப்பதுதான் முதல் தவறு.

பள்ளி விடுமுறையோடு சேர்த்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. தென்மேற்கு மழை முடியும் நேரம், ஏரி உயர்ந்திருக்கும், காடெங்கும் பச்சை. விலங்கு சிதறிப் போயிருக்கும். அரையாண்டு விடுமுறையில் இரண்டு மழையும் முடிந்திருக்கும், அதைவிடச் சிதறியிருக்கும். கோடை விடுமுறையில்தான் வெயில் கடுமையாக இருந்தாலும் காடு நமக்குக் கொஞ்சம் திறந்து காட்டுகிறது. முதல் இரண்டு விடுமுறைகளில் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அருவி, மூடுபனி, பறவை, தவளைச் சத்தம் எல்லாம் அப்போது நிறைவாகக் கிடைக்கும். யானைக் கூட்டம் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

எல்லாக் காட்டையும் ஒரே காடாக நினைப்பது

மே மாதம் தேக்கடிக்கு நல்லது என்பதால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

முதுமலை இலையுதிர் காடு. தை, மாசியில் தேக்கும் மருதும் இலை கொட்டிவிடும். புதருக்குள் பார்வை எட்டும் தொலைவு பல மடங்கு கூடும். மழைக்காலத்தில் உண்ணிச்செடி தழைத்து, சாலையிலிருந்து பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. அப்படியானால் கோடையில் போகலாமா? அந்த இலைச் சருகுதான் காட்டுத்தீக்கும் காரணம். தீ அபாயம் மிகுந்த ஆண்டுகளில் வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவிடுவதுண்டு. மார்ச் மாதத்துக்கு முன்பணம் கட்டுகிறவர்கள், காடு மூடப்பட்டால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கோடை மழை இரண்டு பெய்து புல் துளிர்த்தபின் முதுமலை வேறு அழகு. சாலையோரத்திலேயே புள்ளிமான் கூட்டம் மேயும். மதுரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அவசரமாகப் போய்த் திரும்பும் இடமும் இல்லை. நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கும் முறை 2024 மே மாதம் முதல் வந்திருக்கிறது, கொடைக்கானலுக்கும் அப்படித்தான். கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். முதுமலையிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூரு போகும் எண்ணம் இருந்தால், அந்தக் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அடைக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கர்நாடகத்தின் கபினிக்குத் தேக்கடியின் கணக்கே பொருந்தும். அதுவும் அணைதான். கோடையில் நீர் வற்றும்போது இரு பக்கக் காட்டு யானைகளும் அந்தப் புல்வெளியில் வந்து கூடும்.

வால்பாறையும் டாப்சிலிப்பும் வேறு வகை. வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லார் தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன், ஜூலையில் அங்கே அறை போட்டால் சன்னலுக்கு வெளியே வெள்ளை மூடுபனிதான் தெரியும். ஆனால் தை முதல் பங்குனி வரை அங்கே இருவாச்சிப் பறவை கூடு கட்டும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் அமர்ந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். அதன் சிறகடிப்புச் சத்தம் புகைவண்டி பெருமூச்சு விடுவதைப் போலத் தலைக்கு மேல் போகும். அதை ஒரு முறை கேட்டவர்கள் ‘புலி வரவில்லையே’ என்று குறைப்பட்டு நான் பார்த்ததில்லை. கூட்டுக்கு அருகே போய் நிற்பது, ஆண் பறவையின் வழியை மறிப்பது இரண்டும் கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் அந்த ஒரு பறவைதான் உணவு. ஆழியாற்றிலிருந்து ஏறும்போது 9-ஆம் வளைவில் வண்டியை ஒதுக்கி நிறுத்திக் காத்திருந்தால் வரையாடு தென்படும் வாய்ப்பு உண்டு. வரையாட்டுக்காகவே மூணாறு பக்கம் போகிறவர்கள், குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்கா பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் மூடப்படும் என்பதை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது என்பதால் பாலக்காடு வழியாக நேரே போய்விடலாம் என்று எண்ணி அலைந்தவர்களும் உண்டு. வண்டிப் பாதை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகள், இரண்டு நேரக் கட்டுப்பாடுகள். மாலையில் போய்ச் சேரலாம் என்று மதுரையில் மதியம் கிளம்பினால் இரவைப் பொள்ளாச்சியில்தான் கழிக்க வேண்டும்.

ஆப்பிரிக்கப் படங்களைப் பார்த்து நம் காட்டை அளப்பதும் இந்தத் தவறோடு சேர்ந்ததுதான். மசாய் மாராவும் செரங்கெட்டியும் திறந்த புல்வெளி. சிங்கம் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தெரியும். நம் மலையில் பசுமைமாறாக் காட்டுக்குள் இருபது அடிதான் கண்ணுக்கு எட்டும். அங்கேயும் மாதக் கணக்கு இல்லாமல் இல்லை. ‘வில்டபீஸ்ட்’ என்னும் காட்டுமான் மந்தைகள் ஆண்டு முழுவதும் மழையையும் புல்லையும் தேடி நடந்துகொண்டே இருக்கின்றன. பிப்ரவரியில் தெற்கே என்டுட்டு சமவெளியில் குட்டி போடும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். என்டுட்டுவில் எவ்வளவு விலை உயர்ந்த முகாமில் தங்கினாலும் ஆகஸ்டில் போனால் அந்த மந்தைகள் அங்கே இருக்காது. இப்போது மதுரையிலிருந்தும் கென்யா போகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

திருவிழாவை மறந்து அறை போடுவது

இது நம் பக்கத்துக்கே உரிய தவறு. கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரஜோதி வரை கம்பம், குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களுடையது. சபரிமலையே பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். குமுளியில் அறை வாடகை ஏறும், காலைப் படகுக்கு டிக்கெட் கிடைப்பது கடினம். விலங்கு குறைவாகத் தென்படும் காலமும் இதுதான் என்று மேலே பார்த்தோம். கூடுதல் பணம் கொடுத்துக் குறைவாகப் பார்க்கும் மாதம் என்றால் மார்கழிதான்.

இன்னொன்று சித்திரைப் பௌர்ணமி. இங்கே அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில், அங்கே பெரியாறு காப்பகத்து எல்லை மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரு நாள் திறக்கிறது. குமுளி முழுவதும் ஜீப்புகளும் மக்களும். கண்ணகியைத் தரிசிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாள்தான் வேண்டும். விலங்கு பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் தள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்து முண்டந்துறைக் காட்டுக்கு ஆடி அமாவாசையும் இப்படித்தான். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அப்போது ஊர்கூடி நிற்கும். திருவில்லிபுத்தூர் பக்கம் நரை அணில் பார்க்கப் போகிறவர்கள் சதுரகிரிக் கூட்டம் ஏறும் அமாவாசை, பௌர்ணமியைத் தவிர்த்தால் மலையடிவாரத் தாணிப்பாறை அமைதியாக இருக்கும்.

முடிந்தால் செவ்வாய், புதன், வியாழனில் போங்கள்.

ஒரே இரவு, தவறான இடம்

சனிக்கிழமை மதியம் போய், மாலை ஊர் சுற்றி, ஞாயிறு காலை தாமதமாக எழுந்து, வெயில் ஏறிய பிறகு படகில் ஏறி இறங்கி, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லித் திரும்புவது நம்மிடையே மிகப் பரவலான வழக்கம். விலங்குகள் நடமாடுவது விடியலிலும் அந்தி நேரத்திலும்தான். உச்சி வெயிலில் யானை நிழலுக்குள் நின்றுவிடும். இரண்டு இரவு தங்கினால் மூன்று, நான்கு முறை காட்டுக்குள் போகும் வாய்ப்பு கிடைக்கிறது. ஒரு விடுதிக்குக் கொடுக்கும் பெரிய வாடகையை எளிய விடுதி ஒன்றில் இரண்டு இரவாக மாற்றிக்கொள்வது எப்போதும் நல்ல பேரம் என்பது என் அனுபவம்.

விடுதி எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ‘காட்டுக்கு அருகில்’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். தேக்கடியில் சொந்த வண்டியைப் படகுத்துறை வரை விடமாட்டார்கள். ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் போக வேண்டும். காலை 7.30 படகைப் பிடிக்க வேண்டும் என்றால் நகருக்கு வெளியே பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும் விடுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் உதவாது. ஏரிக்கு நடுவே உள்ள லேக் பேலஸ் போன்ற, காட்டுக்குள்ளேயே அரசு நடத்தும் விடுதிகள் விலை கூடுதல். ஆனால் கடைசிப் படகு திரும்பிய பிறகும் கரை உங்கள் கண்முன் இருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். எங்கள் அம்மாவால் காட்சிக் கோபுரத்தின் படியேற முடியாது, ஜீப் குலுக்கலும் ஆகாது. படகிலும் திண்ணையிலும் உட்கார்ந்து பார்க்கும் இடமாகத் தேடத் தொடங்கிய பிறகுதான் அவர் எங்களோடு முழு மனதாக வந்தார்.

குமுளியில் ‘ஜீப் சஃபாரி’ என்று பலகை வைத்து அழைப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டி எந்தச் சோதனைச் சாவடி வழியாகப் போகும்? அந்த ஜீப்புகள் படகுத்துறை இருக்கும் காட்டுக்குள் போவதில்லை. வண்டிப்பெரியாறு வழியாகக் கவி, சத்திரம் போன்ற பக்கங்களுக்குப் போகின்றன. அவையும் நல்ல இடங்களே. தெரிந்து போக வேண்டும். தேக்கடிக் காட்டுக்குள் நடக்க விரும்பினால் வனத்துறையே வழிகாட்டியோடு நடத்தும் நடைபயணமும் மூங்கில் தெப்பப் பயணமும் இருக்கின்றன. வழிகாட்டிகளில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். சருகில் கிடக்கும் ஒரு சாணத்தைப் பார்த்து யானை எந்த ஓடைக்குப் போனது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களோடு மூன்று மணி நேரம் நடப்பதைப் படகோடு ஒப்பிட முடியாது.

மூட்டை கட்டும்போது

மழை மாதங்களில் அட்டை. அதற்கான துணிக் காலுறையை வழிகாட்டிகளே தருவார்கள், மூக்குப்பொடி தூவிக்கொள்வதும் பழைய வழக்கம். வறண்ட மாதங்களில் உண்ணி; புல்லில் உட்காராதீர்கள். மார்கழி, தையில் டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் விடியல் குளிர் மதுரைக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாதது, கம்பளி வேண்டும். வெள்ளையும் சிவப்பும் உடுத்த வேண்டாம்.

மழை மாதத்தில் ஊர்க் கண்மாயை மறப்பது

ஐப்பசி மழையில் மலைக்குப் போய் ஏமாறுகிற அதே நாள்களில், சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடிக் கண்மாய் நிரம்பத் தொடங்குகிறது. மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், விடுதியே தேவையில்லை. கண்மாயில் தண்ணீர் பிடித்ததும் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு வைக்கும். தை, மாசி வரை இருக்கும். அந்தப் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; அந்தப் பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. மலைக்காட்டில் தண்ணீர் பரவி விலங்கு சிதறும் மாதத்தில்தான் சமவெளியில் தண்ணீர் தேங்கிப் பறவை சேருகிறது. பருவத்துக்கு ஏற்ற இடம் என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அனுமதி கேட்காமல் பணம் கட்டுவது

இதைக் கடைசியாக எழுதினாலும் எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற தவறு இதுதான். முதுமலையை ஒட்டிய மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. அந்த வழித்தடத்தை மறித்துக் கட்டப்பட்ட விடுதிகள் பற்றிய வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2018-இல் பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உறுதி செய்தது. அதற்கு மூன்றே மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் அனுமதியின்றி இயங்கிய ஒரு விடுதி அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காதில் தீயோடு அது பிளிறிக்கொண்டு ஓடிய காட்சியை நாடே பார்த்தது. தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அந்த யானை இறந்துபோனது.

யானை வரும் வழியில் தங்கினால் யானை பார்க்கலாம் என்ற நம் ஆசைதான் அப்படிப்பட்ட விடுதிகளுக்கு வாடகையாகப் போகிறது. இரவு வண்டியில் விளக்கடித்து விலங்கு காட்டுகிறோம் என்பவர்கள், உப்பும் மிச்ச உணவும் கொட்டி மானை முற்றத்துக்கு வரவழைப்பவர்கள், தீ மூட்டி ஒலிபெருக்கி வைப்பவர்கள் எல்லாரும் அந்த ஆசையைத்தான் விற்கிறார்கள். குப்பைச் சோற்றுக்குப் பழகிய காட்டுமாடும் மிளாவும் பிறகு ஊருக்குள் வந்து மனிதர்களோடு மோதுகின்றன.

அதனால் எந்த விடுதியாக இருந்தாலும் முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் நான் கேட்பது இவைதான். உள்ளாட்சி உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் இருக்கிறதா, அதன் எண் என்ன? சஃபாரி வனத்துறை வண்டியிலா, உங்கள் வண்டியிலா? அறை வாடகையோடு சஃபாரி இருக்கையும் உறுதியா, அல்லது அங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டுமா? காடு மூடப்பட்டால் பணம் திரும்ப வருமா? இரவு எத்தனை மணிக்கு வெளி விளக்குகளை அணைப்பீர்கள்? பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு, எவ்வளவு குறைந்த வாடகை சொன்னாலும், குடும்பத்தை அழைத்துப் போவதில்லை. கடைசிக் கேள்விக்கு “எட்டு மணிக்கே அணைத்துவிடுவோம் சார், டார்ச் கொண்டு வாருங்கள்” என்று சொன்ன ஓர் எளிய விடுதிக்குத்தான் ஆண்டுதோறும் வைகாசியில் போய்க்கொண்டிருக்கிறோம்.